நுண்ணலை எங்கிருந்து வந்தது?

2025-இல் ஜான் கிளார்க், மிஷெல் டெவோரே, ஜான் மார்ட்டினிஸ் மூவருக்கும் இயற்பியல் நோபல் அறிவிக்கப்பட்டபோது, குவாண்டம் கணினியின் வரலாறு மறுபடியும் மேதைகளின் கதையாடலாகவே சொல்லப்பட்டது. 1984, 85-இல் பெர்க்லியில் அவர்கள் மீக்கடத்திச் சுற்றுக்குள் நுண்ணலையைச் செலுத்தி, கையில் எடுக்கக்கூடிய ஒரு சில்லுக்கும் அணுவைப்போலப் படிப்படியான ஆற்றல் மட்டங்கள் உண்டெனக் காட்டினார்கள். அதில் எனக்குத் தகராறு இல்லை. நான் கேட்பது, அந்த நுண்ணலை எங்கிருந்து வந்தது?

போரிலிருந்து. 1940-இல் எம்.ஐ.டி.யில் தொடங்கிய கதிர்வீச்சு ஆய்வகம் ராடாருக்காகவே நுண்ணலைக் கருவிகளை வளர்த்தெடுத்தது. அங்கே வேலைபார்த்த எட்வர்ட் பர்செல் 1946-இல் ஒரு சின்னக் குறிப்பு எழுதினார்: ஒத்ததிர்வுச் சுற்றோடு பிணைத்தால், அணுக்கரு தன் ஆற்றலை உமிழும் வேகமே மாறிவிடும். உமிழ்வு அதன் சொந்தக் குணம் மட்டுமல்ல, சூழலும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. ‘தனித்த அணு’ங்கிறதே அங்க அடிபட்டுப்போச்சு.

2004-இல் யேல் பல்கலைக்கழகத்தில் வால்ராஃப், கர்வின், ஷோல்கோப் குழு இதை அதன் எல்லைவரை கொண்டுபோனது. சிலிக்கான் சில்லின்மேல் நெளிந்து ஓடும் நயோபியம் பாதை. அதன் அதிர்வெண் 6 கிகாஹெர்ட்ஸ். பக்கத்தில் ஒரு கியூபிட். அறை வெப்பத்தில் அப்பாதையில் ஆயிரம் வெப்ப ஃபோட்டான்கள் இரைச்சல் போடும். கெல்வினில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே குளிர்வித்தால் அநேகமாக ஒன்றும் மிஞ்சாது. அந்தக் காலிப்பாதையில் ஒரே ஒரு ஃபோட்டான். கியூபிட் அதை விழுங்கும், துப்பும், மறுபடி விழுங்கும். இரண்டின் அதிர்வெண்ணும் பொருந்தும் இடத்தில் ஒற்றை உச்சி இரண்டாகப் பிளக்கிறது. இடைவெளி சுமார் 12 மெகாஹெர்ட்ஸ். இந்தப் பிளவுக்கு ராபியின் பெயர். அவரும் ராடார் ஆய்வகத்து ஆள்தான்.

அதிர்வெண்களை விலக்கி வைத்தால் விழுங்கல் நின்றுவிடும். ஆனால் கியூபிட் 0-வா 1-ஆ என்பதைப் பொறுத்துப் பாதையின் அதிர்வெண் சற்றே நகரும். வெளியிலிருந்து நுண்ணலை அனுப்பி அந்த நகர்வைப் படிக்கலாம். படிப்பதற்கு அனுப்பும் ஃபோட்டான்களே கியூபிட்டின் ஒத்திசைவைக் குலைக்கவும் செய்யும்.

உடனே ‘பார்வையே அதிகாரம்’னு எழுதிடணும்னு எனக்கும் கை பரபரக்குது. சிறுபத்திரிகைகளில் ஹைசன்பர்க்கை நாம் அப்படிப் படுத்தியது போதும். உருவகத்தின் பின்னால் ஓடினால், யேல் கட்டுரையின் கடைசியில் உள்ள நன்றிக்குறிப்பு கண்ணில் படாமல் போய்விடும். பண உதவிக்காக அங்கே நன்றி சொல்லப்படும் அமைப்புகளில் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையும் ராணுவ ஆராய்ச்சி அலுவலகமும் உண்டு. பேரெண்களைக் காரணிப்படுத்தி மறைகுறிகளை உடைக்கக் குவாண்டம் கணினியால் முடியும் என்று பீட்டர் ஷோர் காட்டியது 1994-இல். உளவுக்காரர்களுக்குக் கியூபிட்மேல் பாசம் பெருகியது அதற்குப் பிறகுதான்.