எழுவைதீவும் தீவக நன்னீரும்



வடபுலத்துப் பள்ளிக்கூடங்கள் கல்விச் சுற்றுலாவுக்கு ஆயத்தமானால் பெரும்பாலும் மலைநாட்டை நோக்கியே புறப்படுகின்றன. நுவரெலியாவில் கிரெகரி ஏரியையும், வழியிலுள்ள அருவிகளையும் கண்டு மாணவர் மகிழ்ந்து திரும்புகின்றனர். அவ்வேரி இயற்கையாய் அமைந்ததன்று. வில்லியம் கிரெகரி தேசாதிபதியாயிருந்த காலத்தில், 1873ஆம் ஆண்டில், ஆக்கப்பட்டது. இதனை அறிந்து திரும்புவோர் சிலரே. காட்சி கண்ணை நிறைத்துவிட்டால் மனத்தில் வினா எழுவதில்லை போலும். ஆகவே காட்சி குறைந்ததோர் இடத்துக்கும் மாணவரை அழைத்துச் செல்லல் வேண்டும் என்பது என் கருத்து. அத்தகைய இடம் எழுவைதீவு.

எழுவைதீவின் பரப்பு இரண்டு சதுரக் கிலோமீற்றரையும் எட்டாது. ஆறு இல்லை, அருவி இல்லை, பனைகளின் உயரமன்றி வேறு உயரமும் இல்லை. ஊர்காவற்றுறையிற் படகேறி அங்கே செல்லவேண்டும். சோளகம் வீசும் மாதங்களிற் கடல் கொந்தளிக்கும். ஆசிரியர்கள் அதனைக் கருத்திற் கொள்ளுதல் நலம்.

படகுக்குக் காத்திருக்கும்போதே வரலாற்றுப் பாடத்தைத் தொடங்கிவிடலாம். நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்ச் சாசனம் ஒன்று உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டுக்குரிய அதனைப் பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் ஆராய்ந்து வெளியிட்டார். பரதேசத்து வணிகர் ஊராத்துறைக்கு வந்து இறங்கவேண்டும் என்றும், யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு என்றும், பிற சரக்கு ஏற்றிய கலமாயின் சரிபாதி என்றும் அச்சாசனம் விதிக்கின்றது. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறையே. மாணவர் நிற்கும் அத்துறையைப் பற்றி மன்னன் சட்டம் வகுத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. பின்னர் போர்த்துக்கேயர் இத்துறையிலிருந்து யானைகளைக் கப்பலேற்றினர். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தரோ இத்தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். வேலணை லெய்டன் ஆயிற்று. அனலைதீவு ரொட்டர்டாம், நயினாதீவு ஹார்லெம், எழுவைதீவு ஹோர்ன் ஆயின. அப்பெயர்களில் நெடுந்தீவுக்கு இட்ட டெல்ஃப்ட் ஒன்றே இன்றளவும் பெருவழக்கில் நிலைத்திருக்கிறது. ஏனையவற்றை மக்கள் ஏற்கவில்லை.

இனி நீரைப் பற்றிய செய்திக்கு வருவோம். உவர்க்கடலாற் சூழப்பட்ட இச்சிறு நிலத்திற் குடிப்பதற்கு நீர் எவ்வாறு கிடைக்கிறது? வானம் ஒன்றே இதற்கு ஊற்று. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிற் பெய்யும் மழை மணலினூடும் சுண்ணக்கல்லினூடும் இறங்கித் தரைக்கீழ் உவர்நீரின்மேல் தங்குகிறது. நன்னீர் உவர்நீரினும் இலேசானது. ஆதலால் மேலே மிதக்கிறது. இருபுறமும் குவிந்த கண்ணாடி வில்லை போன்ற வடிவில், தீவின் நடுவிலே தடித்தும் கரையோரங்களில் மெலிந்தும் அது கிடக்கும்.

இந்த நிலையைக் கணக்கிட்டுக் கூறியவர்களுள் முதல்வராகக் கருதப்படுபவர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த பாடொன் கெய்பன் என்னும் ஒல்லாந்தப் படைப் பொறியியலாளர். 1901இல் ஜெர்மானியரான ஹேர்ட்ஸ்பெர்க் என்பவரும் தனியே அதே முடிபை வெளியிட்டார். எம் தீவுகளுக்குப் பெயரிட்ட இனத்தாரே அத்தீவுகளின் உயிர்நாடியை விளக்கும் விதியையும் தந்தனர் என்பது சுவையானதொரு தற்செயல். கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி நிற்குமாயின், கீழே ஏறத்தாழ நாற்பதடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பதே அவ்விதி. இதன் மறுபக்கந்தான் அச்சந் தருவது. மிதமிஞ்சி இறைத்து மேல்மட்டம் ஓரடி தாழ்ந்துவிட்டால், நாளடைவில் அடியிலுள்ள உவர்நீர் நாற்பதடி மேலேறக்கூடும். சிறுதீவுகளிலோ மேல்மட்டம் அடிக்கணக்கில் அன்று, அங்குலக் கணக்கிலேயே கடலினும் உயர்ந்திருக்கும். உவர் ஏறிய கிணறு ஒரு மழையிலே திருந்திவிடுமென்றும் சொல்லமுடியாது.

எம் முன்னோர் இவ்விதியை எழுதிவைக்கவில்லை. எனினும் அதற்கு அமைந்தே வாழ்ந்தனர். துலாவிலே பட்டை கட்டி இறைத்த காலத்தில், இறைப்பவன் களைப்பே கிணற்றுக்குக் காவலாயிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் யாழ்ப்பாணத்திற் பரவிய நீரிறைக்கும் இயந்திரங்கள் களைப்பதில்லை. தோட்டங்கள் செழித்தன என்பது உண்மை. கரையோரக் கிணறுகள் பல உவர்த்தன என்பதும் உண்மை. மேலும், ஊர்தோறும் வெட்டப்பட்ட குளங்களும் கேணிகளும் மாடுகளுக்கும் நீராடுவோருக்கும் மாத்திரம் பயன்பட்டவையல்ல. ஓடிக் கடலிற் சேரும் மழையைத் தடுத்து நிலத்துள் இறக்குவனவும் அவையே. மண் மூடிய குளத்தைத் தூர் வாராது விடுதல், அயற்கிணற்றை மெல்ல மெல்லக் கெடுப்பதற்கு ஒப்பாகும். இதனைப் பயன்றராத் தரிசென்று நிரவிக் கட்டடம் எழுப்புவோரை நான் மன்னிக்க ஆயத்தமில்லை.

நெடுந்தீவுக்கும் செல்ல வாய்ப்பிருப்பின், குறிகட்டுவானிலிருந்து படகேறுக. முருகைக்கல் அடுக்கிய வேலிகளும், பெருக்கமரமும், ஐரோப்பியர் ஆட்சியின் எச்சமாய்த் திரியும் குதிரைகளும் அங்குண்டு. கோடையில் அக்குதிரைகள் எந்தக் குளத்தை நாடிச் செல்கின்றன என்று நோக்குவது நல்ல பயிற்சி.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். எழுவைதீவுக்கு ஒருமுறை சென்று திரும்பினாற் போதாது. தை மாதத்தில் ஒருமுறை சென்று, தீவின் நடுவிலுள்ள கிணறொன்றிலும் கரையோரக் கிணறொன்றிலும் நீர்மட்டத்தைக் கயிறிட்டு அளந்து, இரு போத்தல்களில் நீரெடுத்து, நாளும் இடமும் எழுதி ஒட்டி வைக்கவேண்டும். சோளகம் தணிந்து, மாரி தொடங்குமுன், புரட்டாசியில் மீண்டும் சென்று அதே இரு கிணறுகளில் அவ்வாறே செய்யவேண்டும். நான்கு போத்தல்களிலும் சம அளவு நீர் எடுத்துத் தனித்தனியே வற்றக் காய்ச்சி, எஞ்சும் உப்பைப் பள்ளித் தராசில் நிறுத்து மாணவரே பட்டியல் எழுதுவார்களாக.