அகஸ்தஸ் என்னும் அடைமொழி

'அகஸ்தஸ்' என்பது இன்று ஒருவனுடைய இயற்பெயர் போலவே நம் செவிக்குப் படுகின்றது. ஆயின் அது தோற்றத்திலே பெயருமன்று, பதவியுமன்று. தெய்வத்தன்மையால் உயர்ந்து வணக்கத்துக்குரியதாகிய மாட்சியைக் குறித்த பழைய இலத்தீன் அடைமொழியேயாகும். கோயிலும், நிமித்திகர் குறிபார்த்துத் தூய்மை செய்த இடமுமே முன்னர் அவ்வடையைப் பெற்றன. 'மாட்சிமை தங்கிய' என்று இதனை மொழிபெயர்த்தல் பொருந்தாது. அதில் அரச வாடை வீசும். திருக்கோயில், திருவிழா என்பவற்றில் வரும் 'திரு' ஓரளவு நெருங்கிவரும்.

அவ்வரச வாடையையே ஒக்டேவியன் அஞ்சினான். மன்னரைத் துரத்திய நாள்தொட்டு 'அரசன்' என்ற சொல்லையே உரோமர் வெறுத்தனர். முடிசூட விரும்பினான் என்ற ஐயமே கி.மு. 44 இல் யூலியஸ் சீசரின் உயிருக்கு இறுதியாயிற்று. சீசரின் சுவீகார புத்திரனாகிய ஒக்டேவியன், கி.மு. 31 இல் அக்தியம் போரில் வென்று ஒப்பாரின்றி நின்றான். கி.மு. 27 சனவரியிலே குடியரசை மீட்டளித்துவிட்டதாக அறிவித்தான். மூதவையினர் அவனுக்கு ஒரு சிறப்புப்பெயர் சூட்ட முற்பட்டபோது, 'உரோமுலஸ்' எனலாம் என்றனர் சிலர். நகரை நிறுவியவன் பெயர்தான். ஆனால் அவன் அரசனல்லனோ! பிளாங்கஸ் என்பான் மொழிந்த 'அகஸ்தஸ்' சனவரி 16 ஆம் நாள் ஏற்கப்பட்டது.

அவ்வடை ஒரு படையையும் தரவில்லை. ஒரு சட்டத்தையும் ஆக்கவில்லை. அதன் வலிமையும் அதுவே. அதன்பின் மதிப்பிலே யாவரினும் மேம்பட்டேன், அதிகாரத்திலே உடன் பதவியாளரின் மிக்கிலேன் என்னுங் கருத்துப்பட அவன் தன் செயல்களைத் தொகுத்து எழுதிவைத்தான். முன்னது மெய், பின்னது மெய்போன்றது. ஸ்பானியா, கல்லியா, சிரியா ஆகிய மாகாணங்களும் அங்கு நின்ற படைகளும் அவன் கையிலேயே இருந்தன.

கிரேக்கர் இதனைச் 'செபாஸ்தோஸ்' எனப் பெயர்த்தனர். வழிபாட்டைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது அது. கோயிலிலிருந்து மனிதனுக்கு வந்த அடை, அம்மனிதனோடு மீண்டுங் கோயில் புகுந்தது. உரோமர் பாதைகளைக் காட்டும் பழைய படமொன்று, சேரநாட்டு முசிறியின் அருகே அகஸ்தஸ் கோயில் ஒன்றைக் குறிக்கின்றது. அங்குச் சென்ற வணிகர் எழுப்பியதாகலாம். அப்படி ஒரு கோயில் உண்மையில் இருந்ததோ என ஐயுறுவாரும் உளர். கி.மு. 8 இல் 'செக்ஸ்திலிஸ்' என்ற மாதமும் அவன் பெயர் பெற்றது. நாம் ஓகஸ்ட் என்பது அதுவே.

பின்வந்தோர் அடையைப் பதவியாக்கினர். தயோக்கிளீசியன் காலத்தில், கி.பி. 293 முதல், இரண்டு அகஸ்தசுமாரும் அவர்க்குக் கீழ் இரண்டு சீசர்மாரும் ஆண்டனர். தனியொருவனுக்கே உரியதென்ற ஏற்றம் அப்போது எங்கே? கி.பி. 476 இல் ஒதோவாக்கர் மேலை உரோமின் ஆட்சியினின்று நீக்கிய சிறுவனுக்கு இயற்பெயர் உரோமுலஸ். அகஸ்தஸ் என்ற பட்டத்தையோ, 'சின்ன அகஸ்தஸ்' என்று பொருள்பட 'அகஸ்துலஸ்' எனக் குறுக்கி வழங்கினர்.