பார்க்க முடியாத எரிமலைக்கு ஒரு பாஸ்புக்

பி.காம். படிக்கிறவனுக்கு எரிமலையோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். ஆனால் இந்தக் கதை தொடங்குவதே ஒரு நஷ்டக் கணக்கில்தான் :-)

1989 டிசம்பர் 15. ஆம்ஸ்டர்டாமிலிருந்து டோக்கியோ போகும் கே.எல்.எம். ஜம்போ விமானம், வழியில் அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்க வந்துகொண்டிருந்தது. ரிடவுட் எரிமலை கக்கிய சாம்பல் மேகத்துக்குள் நுழைந்ததும் நான்கு இன்ஜின்களும் நின்றுபோயின. 13,000 அடிக்கு மேல் கீழே வந்த பிறகுதான் விமானிகளால் அவற்றை மறுபடி ஸ்டார்ட் செய்ய முடிந்தது. 245 பேரும் பிழைத்தார்கள். விமானத்துக்கு ஏற்பட்ட சேதம் சுமார் 8 கோடி டாலர்!

அலாஸ்காவில் வரலாற்றுக் காலத்தில் வெடித்த எரிமலைகள் மட்டும் ஐம்பதைத் தாண்டும். பாதிக்கு மேல் அலூஷியன் தீவு வரிசையில். கீழே ஆளே இல்லாத தீவுகள், எப்போதும் மூடுபனி. மேலேயோ ஆசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே பறக்கும் விமானங்கள். ஒவ்வொரு மலையிலும் கருவி வைத்து, அதைப் பழுது பார்க்க ஹெலிகாப்டரில் ஆள் அனுப்புவது என்றால் செலவு என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள்.

1991 ஜூலையில் ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் ஈ.ஆர்.எஸ்-1 என்ற ரேடார் செயற்கைக்கோளை அனுப்பியது. ரேடாருக்கு இரவும் மேகமும் தடை இல்லை. ஒரே இடத்தை ஒரே பாதையிலிருந்து இரண்டு தேதிகளில் படம் எடுத்து, திரும்பி வந்த அலைகளை ஒப்பிட்டால் தரை எவ்வளவு நகர்ந்தது என்று தெரிந்துவிடும். அலையின் நீளம் 5.66 செ.மீ. அது போய்த் திரும்பி வருவதால், தரை 2.8 செ.மீ. நெருங்கினாலோ விலகினாலோ படத்தில் ஒரு முழு வண்ண வளையம் வரும். சுமார் 780 கி.மீ. உயரத்திலிருந்து! 1995-ல் பிரெஞ்சு விஞ்ஞானி மாசோனே குழுவினர், இத்தாலியின் எட்னா எரிமலை தாழ்ந்ததை இப்படி அளந்து காட்டினார்கள்.

அடுத்து அலாஸ்காவின் முறை. உம்னாக் தீவில் ஓக்மோக் என்ற எரிமலை இருக்கிறது. அதன் உச்சியில் 10 கி.மீ. அகலப் பள்ளம். 1997 பிப்ரவரியில் அது வெடித்தபோது அங்கே ஒரு நிலநடுக்கமானிகூடக் கிடையாது. பிறகு பழைய ரேடார் படங்களை எடுத்துப் பார்த்தார்கள். 1992 முதல் 1995 வரை பள்ளத்தின் தரை சுமார் 18 செ.மீ. உயர்ந்திருந்தது. வெடித்தபோது 140 செ.மீ. அளவுக்குத் தாழ்ந்திருந்தது.

எனக்கு இது அப்படியே பாஸ்புக் மாதிரி தெரிந்தது. அடியில் பாறைக்குழம்பு சேர்ந்தால் வரவு, தரை உயரும். வெளியே வந்தால் பற்று, தரை தாழும். யாரும் போகாத தீவில் யாரோ எழுதி வைத்த கணக்கு!

1997-க்குப் பிறகு வரவு மறுபடி தொடங்கியது. 2008-க்குள், போனதில் பெரும்பகுதி திரும்பச் சேர்ந்துவிட்டது. இதற்குள் தீவில் நிலநடுக்கமானிகளும் வந்திருந்தன. அப்படியும் 2008 ஜூலை 12 அன்று ஓக்மோக் வெடித்தபோது, நில அதிர்வு கொடுத்த முன்னறிவிப்பு ஐந்து மணி நேரத்துக்கும் குறைவு. சாம்பல் சுமார் 50,000 அடி உயரம் போனது.

அப்படியானால் ரேடார் தோற்றுவிட்டதா? இல்லை என்பேன். பாஸ்புக் இருப்பைத்தான் சொல்லும், பணம் எடுக்கப்படும் தேதியைச் சொல்லாது. ஆனால் எந்தக் கணக்கில் இருப்பு ஏறுகிறது என்று தெரிந்தால், கையில் இருக்கிற கொஞ்சம் கருவிகளை எங்கே வைப்பது என்று முடிவு செய்யலாம். வறண்ட பட்ஜெட்டில் அதுவே பெரிய விஷயம்.

ஈ.ஆர்.எஸ்-1 பெரும்பாலும் 35 நாளுக்கு ஒருமுறைதான் அதே பாதைக்கு வந்தது. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட நைசார், நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்தது, 12 நாளுக்கு ஒருமுறை வருகிறது. பாஸ்புக்கில் இனி அடிக்கடி என்ட்ரி விழும். ஆனால் ஓக்மோக் தந்தது ஐந்து மணி நேரம்கூட இல்லை. அந்த இடைவெளியை நிரப்ப மலையில் ஒரு கருவியும், அதைக் கவனிக்க ஒரு மனிதரும் இன்னும் வேண்டும்.