ஃபராரிக்கி கடற்கரை

ஃபராரிக்கி கடற்கரை என்பது நியூசிலாந்தின் தெற்குத் தீவில், அத்தீவின் வடகோடியான ஃபேர்வெல் முனைக்கு மேற்கே, தாசுமான் கடலை நோக்கி அமைந்துள்ள ஒதுக்குப்புறமான மணற்கடற்கரை ஆகும். சாலை கரைவரை செல்வதில்லை. வாகன நிறுத்துமிடத்திலிருந்து மேய்ச்சல் நிலங்கள் வழியே ஏறத்தாழ 20 நிமிடங்கள் நடக்க வேண்டும்.

நில அமைப்பு

அகன்ற மணற்பரப்பின் பின்புறம் காற்றினால் உருவான மணற்குன்றுகள் உள்ளன. கரையை ஒட்டிய கடலில் ஆர்ச்வே தீவுகள் எனப்படும் பாறைத்தீவுகள் காணப்படுகின்றன. அலை அரிப்பினால் இவற்றில் வளைவுகளும் குகைகளும் தோன்றியுள்ளன. விண்டோசு 10 இயங்குதளத்தின் பூட்டுத்திரைப் படங்களுள் ஒன்றாக இடம்பெற்றதால் இத்தீவுகள் உலகெங்கும் அறியப்பட்டன. கடல் வற்றும் வேளையில் பாறைக் குட்டைகளில் கடல்நாய்க் குட்டிகளைக் காணலாம்.

நீச்சல் பாதுகாப்பு

அழகிய தோற்றம் கொண்டிருப்பினும் இங்கு நீந்துவது ஆபத்தானது. அலைகள் கரையில் சேர்க்கும் நீர் குறுகிய தடங்கள் வழியாகக் கடலுக்குத் திரும்பும்போது வலிய இழுப்பு நீரோட்டங்கள் உண்டாகின்றன. அலை உடையாமல் அமைதியாகத் தோன்றும் இடமே பெரும்பாலும் இந்நீரோட்டத்தின் தடமாகும். உயிர்காப்பாளர்கள் இங்கு இல்லை. ஒதுக்குப்புறமான இடமாதலால் உதவி வந்துசேரக் காலம் பிடிக்கும். நீரோட்டத்தில் சிக்கியவர் கரையை நோக்கி நேராக எதிர்நீச்சல் இட்டால் விரைவில் களைத்துவிடுவார். பதறாமல் மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கோருவதும், இழுப்பு தளர்ந்தபின் கரைக்கு இணையாக நீந்தி விலகுவதும் இத்தகைய நீரோட்டங்களுக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் முறைகளாகும்.