வீரத்தாயும் கைம்பெண்ணும்

நவராத்திரி வந்துவிட்டால் நம் கொட்டாஞ்சேனைக் கோயில்களில் துர்க்கையின் கைப் படைக்கலங்களைக் கண்டு வணங்குகின்றோம். மகனைப் போருக்கு அனுப்பிய வீரத்தாயை மேடையிற் புகழ்கின்றோம். அவளுடைய பிற்கதையை நாம் கேட்டதுண்டா?

ஒக்கூர் மாசாத்தியார் பாடிய புறநானூற்று 279ஆம் பாட்டில் வருபவள் அவள். முன்னைப் போரில் தமையன் மாண்டான். நேற்றைப் போரில் கணவன் மாண்டான். இன்று பறையொலி கேட்டதும், எஞ்சிய ஒரே பிள்ளையின் குடுமிக்கு எண்ணெய் தடவி, வெள்ளாடை உடுத்தி, வேலைக் கையிற் கொடுத்து அனுப்புகின்றாள். அவள் கையில் வேல் இருந்த நேரம் அவ்வளவே.

அதே நூலின் 246ஆம் பாட்டைப் பாடியவர் பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு. கணவன் இறந்தபின் தீப்புகத் துணிந்த அவர், தம்மைத் தடுத்த சான்றோர்க்குக் கைம்மை வாழ்வை எடுத்துரைக்கின்றார்: நெய் தீண்டாத நீர்ச்சோறு, எள்ளுத் துவையல், புளி கூட்டி வேகவைத்த வேளைக் கீரை, பாயுமின்றிப் பருக்கைக் கற்களின்மேற் படுக்கை. அரசிக்கே இந்நிலையாயின், அந்த மகனும் திரும்பாவிடில் வீரத்தாய் என்ன உண்டிருப்பாள்? அவளைப் புகழ்ந்து கைகொட்டும் நாம் இக்கேள்வியை ஒதுக்குவது நேர்மையன்று.

நிற்க. அக்காலப் பெண்டிர்க்கு மதிப்பே இல்லை என்பாரும் தவறுவர். அதியமான் நெடுமான் அஞ்சி தொண்டைமானிடம் தூது விடுத்தது ஔவையாரை அல்லவா? பீலியும் மாலையும் சூட்டி நெய் பூசி வைத்த படைக்கலங்களைக் கண்ட அவர், எம் மன்னன் வேல்களோ பகைவரைக் குத்தி முனை முறிந்து கொல்லன் பட்டறையிற் கிடக்கின்றன என்று, புகழ்வதுபோலவே பழித்துவிட்டார். போரை அறிந்த நாவு அது! வடக்கே, படுக்கை விட்டெழும் அரசனை வில்லேந்திய மகளிர் எதிர்கொண்டு காக்கவேண்டும் என அர்த்தசாஸ்திரம் விதிக்கின்றது.

நம் இலங்கையில் கி.மு. முதல் நூற்றாண்டில் அநுராதபுரத்தை ஆண்ட அனுலாவை மகாவம்சம் நஞ்சூட்டியாகவே காட்டிற்று. பொலன்னறுவையில் லீலாவதி 1197, 1209, 1211 என மும்முறை அரியணை ஏறினாள். தன் பெயரிற் காசும் அடித்தாள். ஆயினும் அவளை ஏற்றி வைத்தவர்கள் சேனாபதிகளே.

சேனாபதியின் தயவின்றிப் பெண்ணொருத்தி அவையேறப் பல நூற்றாண்டுகள் சென்றன. 1931இல் இந்நாட்டுப் பெண்கள் வாக்குரிமை பெற்றனர். அடுத்த ஆண்டே நம் வட கொழும்புத் தொகுதியார் நேசம் சரவணமுத்து அம்மையாரைத் தெரிந்து அரசாங்க சபைக்கு அனுப்பினர். அவ்வாக்குகளிற் பெண்கள் இட்டவையும் இருந்தன.