மிச்சக் காலம் யாருக்குச் சொந்தம்? அமெரிக்கப் படைகளுக்கிடையே பணிமாற்றத்தின் வரலாறு (1864–2024)

முன்னுரை

நான்காண்டு ஒப்பந்தத்தில் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த மாலுமி ஒருவர், ஒப்பந்தம் முடிந்ததும் தரைப்படைக்குப் போக நினைத்தால் போகலாம். ஆனால் அது அரசு அலுவலகங்களில் நாம் காணும் மாற்றலைப் போன்றதன்று. கடற்படை அவரை விடுவிக்கிறது; தரைப்படையில் அவர் புதிதாகக் கையெழுத்திட்டுச் சேர்கிறார். அதே கடற்படையின் அதிகாரிக்கோ இதற்கெனத் தனிச் சட்டப் பிரிவே இருக்கிறது. பணியில் ஒரு நாளும் முறிவின்றி அவர் படை மாற முடியும்.

ஒரே நாட்டின் படைகளில் இந்த இரட்டை வழி எவ்வாறு உருவானது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. வீரர் இன்னும் பணியாற்ற வேண்டிய மிச்சக் காலம் எந்தப் படைக்கு உரியது என்ற கணக்கைச் சுற்றியே அமெரிக்கச் சட்டங்கள் வளர்ந்தன என்பதும், ஒரு படையில் ஆள் மிகுந்து இன்னொன்றில் குறைந்தபோதெல்லாம் அந்தக் கணக்கு திருத்தி எழுதப்பட்டது என்பதும் இதன் வாதம்.

1. ஆளில்லாக் கப்பல்கள்: 1864

உள்நாட்டுப் போரின் நடுவில் வட மாநிலங்களின் கடற்படை கடும் ஆள் பஞ்சத்தில் இருந்தது. காரணம் போர்க்களத்தில் இல்லை, ஆள்சேர்ப்புக் கணக்கில் இருந்தது. ஒவ்வோர் ஊரும் இத்தனை பேரைப் படைக்குத் தர வேண்டும் என்று ஒதுக்கீடு இருந்தது. தரைப்படையில் சேர்ந்தவர் அந்த ஒதுக்கீட்டில் வரவு வைக்கப்பட்டார். கடற்படையில் சேர்ந்தவருக்கு வரவு இல்லை. ஆகவே ஊர்கள் தரைப்படைக்குப் போகிறவர்களுக்கே ஊக்கத்தொகையை வாரி வழங்கின. கடலோர ஊர்களில் கப்பல் தொழில் அறிந்தவர்கள்கூடத் துப்பாக்கி தூக்கிக் காலாட்படைக்குப் போனார்கள்.

1864 பிப்ரவரி 24 அன்று நிறைவேறிய சட்டத் திருத்தம் இதைச் சரிசெய்ய முயன்றது. கடற்படைக்குப் போகிறவர்களும் ஊரின் ஒதுக்கீட்டில் வரவு வைக்கப்படலாயினர். ஏற்கெனவே தரைப்படையில் இருந்த மாலுமிகள், தம் தொழிலை மெய்ப்பித்தால், கடற்படைக்கு மாறலாம் என்றும் அது அனுமதித்தது. இதற்கு மூன்று நிபந்தனைகள் இருந்தன. புதிய ஒப்பந்தம் தரைப்படையில் மிச்சமிருந்த காலத்தைவிடக் குறையக் கூடாது. ஓராண்டுக்கும் குறையக் கூடாது. தரைப்படைக்காகப் பெற்ற ஊக்கத்தொகை, பகைக் கப்பல்களைப் பிடிப்பதால் பின்னர் அவருக்குக் கிடைக்கும் பங்குப் பணத்தில் கழித்துக்கொள்ளப்படும். இப்படி மாறுவோர் 10,000 பேருக்கு மேல் போகக் கூடாது.

இந்த நிபந்தனைகளில் பின்னாளைய சட்டங்களின் முழு இயல்பும் கருவாக இருக்கிறது. ஆள் மாறலாம், அவர் தர வேண்டிய காலமும் பெற்ற பணமும் அவரைத் தொடர்ந்தே செல்லும். மாற்றத்தின் அளவை இரு படைகளின் தேவையே தீர்மானிக்கும்.

2. ஒரே ஏணி: 1922, 1949

படை மாறுகிறவரின் பழைய பணியைப் புதிய படை எப்படி மதிப்பிடுவது? இதற்கான விடை சம்பளச் சட்டங்களில் உருவானது. 1922-இல் வந்த கூட்டுச் சம்பளச் சட்டம் தரைப்படை, கடற்படை, மரீன் படை, கடலோரக் காவல்படை முதலியவற்றை ஒரே சம்பள முறைக்குள் கொண்டுவந்தது. 1949-ஆம் ஆண்டுச் சட்டம் படைவீரர்களை இ-1 முதல் இ-7 வரையிலான நிலைகளில் வரிசைப்படுத்தியது. 1958-இல் இ-8, இ-9 சேர்ந்தன.

இ-5 நிலையில் உள்ளவர் தரைப்படையில் சார்ஜன்ட். கடற்படையில் இரண்டாம் நிலைப் பெட்டி ஆபீசர். விமானப்படையில் ஸ்டாஃப் சார்ஜன்ட். பெயர் மாறினாலும் படிநிலை ஒன்றே. எந்தப் படையில் உழைத்த ஆண்டும் சம்பளத்துக்கும், 20 ஆண்டு நிறைவில் கிடைக்கும் ஓய்வூதியத்துக்கும் கணக்கில் சேரும்.

ஆனால் தொழிலுக்கு இப்படியோர் ஏணி அமையவில்லை. ஒவ்வொரு படையும் பணிப் பிரிவுகளைத் தனக்கே உரிய குறியீடுகளால் வகுத்துக்கொண்டது. கப்பலின் எந்திர அறையில் தேர்ந்தவருக்குத் தரைப்படையில் நேரிணையான பணி இல்லாமல் போகலாம். அவர் மறுபயிற்சி பெற வேண்டும், சில வேளை ஒரு படி இறங்கியும் சேர வேண்டும். ஆண்டுகள் கூடவே வரும், பதவி வரும் என்பதற்கு உறுதியில்லை என்ற நிலை இவ்வாறு நிலைபெற்றது.

3. ஆணையால் நடந்த மாற்றம்: 1942–1956

இரண்டாம் உலகப்போரில் ஒப்பந்தம் என்ற கருத்தே பின்னுக்குப் போனது. 1942 டிசம்பரில் அதிபர் ரூஸ்வெல்ட்டின் ஆணை, 18 முதல் 37 வயது வரையிலான ஆண்கள் தாமாக முன்வந்து விரும்பிய படையில் சேருவதை நிறுத்தியது. 1944 வசந்தத்தில், விமானிப் பயிற்சிக்காகக் காத்திருந்த பல்லாயிரம் இளைஞர்கள் காலாட்படை உள்ளிட்ட தரைப் பிரிவுகளுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்களின் சம்மதம் கேட்கப்படவில்லை. வான்படை அன்று தரைப்படையின் ஓர் அங்கம் என்பதால், சட்டத்தின் பார்வையில் அது படைமாற்றமே இல்லை, உள் இடமாற்றம்தான்.

1947-இல் அந்த எல்லை மாறியது. ஜூலை 26 அன்று அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்ட தேசியப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, செப்டம்பர் 18 அன்று விமானப்படை தனிப் படையாகப் பிறந்தது. ஆட்களையும் உடைமைகளையும் மாற்றிக்கொள்ள இரண்டு ஆண்டு அவகாசம் தரப்பட்டது. விமானத் தளங்களைக் கட்டிய பொறியாளர் பிரிவுகள் போன்ற சில, தரைப்படை வீரர்களாகவே 1956 வரை விமானப்படைக்காக உழைத்தன. 1944-இல் ஓர் ஆணையால் முடிந்த காரியத்துக்கு இனி இரண்டு துறைகளின் இசைவு தேவைப்பட்டது.

புதிய படைக்கு அதிகாரிப் பயிற்சிக் கல்லூரி உடனே அமையவில்லை. விமானப்படை அகாடமியின் முதல் அணி 207 பேருடன் 1959-இல்தான் வெளிவந்தது. அதுவரை வெஸ்ட் பாயின்ட், அன்னாபொலிஸ் கல்லூரிகளில் தேறியோரில் ஒரு பகுதியினர் விமானப்படை அதிகாரிகளாயினர். அப்போலோ 11-இல் பறந்த பஸ் ஆல்ட்ரினும் மைக்கேல் காலின்ஸும் தரைப்படையின் வெஸ்ட் பாயின்ட்டில் படித்த விமானப்படையினர். அப்போலோ 10-இன் தளபதி தாமஸ் ஸ்டாஃபர்டு கடற்படையின் அன்னாபொலிஸில் படித்து விமானப்படைக்கு வந்தவர்.

4. அதிகாரிகளுக்கெனத் தனி வழி: 1958

சோவியத் ஒன்றியம் 1957 அக்டோபரில் ஸ்புட்னிக்கை ஏவியபின், ஏவுகணை நுட்பம் அறிந்த அதிகாரிகள் எந்தப் படையில் இருந்தாலும் தேவையான இடத்துக்கு வர வழி வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. 1958-இல் அதிபர் ஐசனோவர் முன்வைத்த பாதுகாப்புத் துறைச் சீரமைப்பின் ஒரு பகுதியாக, அதிகாரிகளைப் படைவிட்டுப் படை மாற்றும் அதிகாரம் சட்டமானது. அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 10-ஆம் தலைப்பில் 716-ஆம் பிரிவாக அது இன்றும் நிற்கிறது. அதிகாரியின் சம்மதம் கட்டாயம். இரு படைத்துறைகளும் இசைய வேண்டும். மாற்றத்துக்கு முந்தைய நாள் இருந்ததைவிட உயர்ந்த பணிமூப்பு புதிய படையில் கிடைக்காது.

சாதாரண வீரருக்கு ஏன் இத்தகைய பிரிவு வேண்டியிருக்கவில்லை? அதிகாரியின் பணி அதிபர் தரும் நியமனம். அதற்கு முடிவுத் தேதி இல்லை. பதவி விலகிப் புதிதாகச் சேர்ந்தால் மூப்பு அறுந்துபோகும். வீரரின் பணியோ குறித்த காலத்துக்கான ஒப்பந்தம். அது தானாக முடியும் நாள் ஒன்று உண்டு. அன்று அவருடைய மிச்சக் காலத்துக்கு உரிமை கோர எவருமில்லை. ஆகவே ஒப்பந்த முடிவே அவருக்கான இயல்பான வாசலாயிற்று.

5. ஒப்பந்தம் உண்மையில் முடிவது எப்போது?

அந்த வாசலும் முழுதாகத் திறந்திருக்கவில்லை. 1951-ஆம் ஆண்டுச் சட்டம், படையில் சேரும் இளைஞருக்கு மொத்தம் எட்டு ஆண்டுக் கடப்பாட்டை விதித்தது. 1955-இல் அது ஆறாகக் குறைந்தது. 1984 முதல் மீண்டும் எட்டானது. நான்காண்டு முழுநேரப் பணி முடித்தவர் வீட்டுக்குப் போனாலும், எஞ்சிய நான்கு ஆண்டுகள் சேமப் படையின் பட்டியலில் இருப்பார்.

இங்கேதான் டிடி 368 எனப்படும் நிபந்தனை விடுவிப்புப் படிவம் வருகிறது. வேறு படையில் சேர்வதை நிபந்தனையாகக் கொண்டு, பழைய படை தன் உரிமையை விட்டுக்கொடுக்கும் ஆவணம் அது. விடுவிப்புச் சான்றில் பதியப்படும் மறுசேர்ப்புக் குறியீடும் பார்க்கப்படும். அது சரியில்லையென்றால் புதிய படை சேர்த்துக்கொள்ளத் தயங்கும். விருப்பம் வீரருடையது, ஒப்புதல் பழைய படையுடையது, ஏற்பு புதிய படையுடையது என மூன்று கைகளும் சேர்ந்தால்தான் காரியம் நடக்கும்.

6. நீலத்திலிருந்து பச்சைக்கு: 2004–2006

1973-இல் கட்டாய ஆள்சேர்ப்பு நின்றபின், படைகள் ஒரே இளைஞர் கூட்டத்திடம் போட்டி போட்டு ஆள் தேட வேண்டியதாயிற்று. இராக், ஆப்கானிஸ்தான் போர்கள் ஏற்றத்தாழ்வைக் கூர்மையாக்கின. 2004-இல் தரைப்படை 30,000 பேரைக் கூடுதலாகச் சேர்க்க முனைந்தது. அதே வேளையில் விமானப்படையும் கடற்படையும் ஆட்குறைப்பில் இருந்தன. நீலச் சீருடையினரைப் பச்சைச் சீருடைக்கு அழைக்கும் 'நீலத்திலிருந்து பச்சைக்கு' என்ற திட்டம் அவ்வாண்டு தொடங்கியது.

பயிற்சியில் சலுகை இருந்தது. வழக்கமான அடிப்படைப் பயிற்சிக்குப் பதிலாக, சுமார் நான்கு வாரக் குறும்பயிற்சி போதுமானதாக இருந்தது. மரீன் படையோ இத்தகைய சலுகை எதையும் தருவதில்லை. வேறு படையிலிருந்து வருபவரும் 13 வார மரீன் பயிற்சியை முதலிலிருந்து முடித்தாக வேண்டும். அந்தப் பயிற்சியைத் தரைப்படை அப்படியே ஏற்றுக்கொள்கிறது. படைமாற்றத்தின் பாதைகள் இருபுறமும் ஒரே அகலத்தில் இல்லை என்பதற்கு இது சான்று.

படை மாறுவோருக்கு 2,500 டாலர் வரை ஊக்கத்தொகை தரவும் சட்டம் இடம் தந்தது. சிறிது காலத்திலேயே அந்த வரம்பு 10,000 டாலராக உயர்த்தப்பட்டது. இந்த நான்கு மடங்கு உயர்வு, முதல் தொகை எவரையும் பெரிதாக அசைக்கவில்லை என்பதைக் காட்டுகிறது. போர்முனைக்கு அனுப்பப்படும் வாய்ப்பு மிகுந்த படைக்கு, அந்த வாய்ப்புக் குறைந்த படையிலிருந்து ஆளை ஈர்ப்பது எளிதன்று. 1864-இல் தொகையைக் கழித்த அரசு, இப்போது தொகையைக் கொடுத்தது.

7. விண்வெளிப் படை: 2019–2024

2019 டிசம்பர் 20 அன்று விண்வெளிப் படை உருவானபோது 1947 திரும்ப நிகழும் என்று தோன்றலாம். முறை வேறாக இருந்தது. விமானப்படையின் விண்வெளிப் பிரிவினர் சுமார் 16,000 பேர் புதிய படையில் பணியமர்த்தப்பட்டாலும், உறுப்பினராக ஒவ்வொருவரும் தனித்தனியே மாற வேண்டியிருந்தது: அதிகாரிகள் மறு நியமனம் பெற்றனர், வீரர்கள் புதிதாக ஒப்பந்தம் செய்தனர். விரும்பாதவர் விமானப்படையிலேயே இருக்கலாம்.

பிற படைகளுக்கு 2021-இல் கதவு திறந்தபோது ஆர்வம் இடத்தை மிஞ்சியது. முதல் சுற்றில் 3,700-க்கும் மேற்பட்டோர் விண்ணப்பிக்க, 50 பேர் தேர்வாயினர். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் பணம் கொடுத்தும் வராத கூட்டம், இப்போது பணமின்றி வரிசையில் நின்றது.

கடைசித் திருப்பம் 2024 டிசம்பரில் வந்தது. சில மாநிலங்களின் விமானக் காவற்படையில் இருந்த விண்வெளிப் பணிகளை, ஆளுநர்களின் இசைவின்றியே விண்வெளிப் படைக்கு மாற்ற நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. ஆளுநர்கள் எதிர்த்தும் பயனில்லை. ஆனால் அப்பிரிவுகளில் பணியாற்றுவோரை அவரவர் சம்மதமின்றி மாற்றக் கூடாது என்ற விதி அதே சட்டத்தில் இடம்பெற்றது.

முடிவுரை

இந்த 160 ஆண்டுகளில் மாறாதது ஒன்று: எந்தப் படை சுருங்குகிறது, எது வளர்கிறது என்பதே வாசல் திறக்கும் நேரத்தை முடிவு செய்கிறது. மாறியது, வாசலைத் திறக்கும் கருவி. மிச்சக் காலத்தைச் சுமத்தி அனுப்பிய முறை, ஆணை, சம்மதம், பணம், தேர்வு என்று அது வரிசையாக மாறிவந்திருக்கிறது. போர்க்காலக் கட்டாயம் நீங்கியபின் தனிமனிதச் சம்மதம் எல்லா வழிகளுக்கும் பொது நிபந்தனையானது. 2024-ஆம் ஆண்டுச் சட்டம் மாநில உரிமையை மீறியபோதும் அதை மீறத் துணியவில்லை. ஆனால் சம்மதம் வீரருக்கு மாற்றத்தைத் தடுத்து நிறுத்தும் உரிமையையே தருகிறது, போகும் உரிமையைத் தரவில்லை. போக வேண்டுமானால் விடுவிக்க ஒரு படையும் வேண்டும், ஏற்க ஒரு படையும் வேண்டும். ஒப்பந்தமும் சேமப்படைக் கடப்பாடும் முற்றிலும் தீர்ந்தால்தான் முதலாவது தேவை மறைகிறது. இரண்டாவது எந்நாளும் மறைவதில்லை.