உரிமச் சீட்டும் கள்ளத் துப்பாக்கியும்: இந்திய ஆயுதச் சட்டம் பார்க்கும் திசை

இந்தியாவில் துப்பாக்கிச் சட்டங்களுக்கு முன்னோடி அச்சம்தான். கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்துப் போரிட்ட சிவகங்கையின் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்ட சில வாரங்களில், 1801 டிசம்பரில், சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் தென்பாளையங்களின் ஆயுதங்களைப் பறிக்கப் பிரகடனம் வெளியிட்டார். வைஸ்ராய் லிட்டன் காலத்து 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் அதை நாடு முழுமைக்கும் விரித்தது: இந்தியருக்கு உரிமம் கட்டாயம், ஐரோப்பியருக்கு விலக்கு. இன்று நடைமுறையிலுள்ள 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் இனப் பாகுபாடு இல்லை. ஆனாலும் விண்ணப்பித்து வருபவரைச் சலித்தெடுப்பதில் காட்டும் முனைப்பை, ஆயுதம் எங்கே பிறந்து யார் கைக்குப் போகிறது என்று பின்தொடர்வதில் நிர்வாகம் காட்டுவதில்லை. உரிமம் தேவைதான், அதையே முழுக் காவலாக எண்ணுவதில்தான் பிழை இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

இச்சட்டத்தின் 2019 திருத்தத்தை எடுத்துக்கொள்வோம். ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் உச்சவரம்பு மூன்றிலிருந்து இரண்டானது. மசோதா முதலில் ஒன்றே போதும் என்றது. விவாதத்தில் பெரும்பகுதியை விழுங்கியது இந்த எண்ணிக்கைதான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளோ, துப்பாக்கியால் நிகழும் கொலைகளில் மிகப் பெரும்பாலானவற்றில் உரிமமற்ற ஆயுதமே பயன்படுவதை ஆண்டுதோறும் காட்டுகின்றன. பீகாரின் முங்கேர் நகரில் வங்காள நவாப் மீர் காசிம் காலத்திலிருந்தே ஆயுதத் தொழில் உண்டு. அந்தக் கைத்திறனின் ஒரு பகுதி இன்று கள்ளப் பட்டறைகளுக்குப் போய்விட்டது. அங்கு உருவாகும் ‘கட்டா’ எனும் நாட்டுத் துப்பாக்கிக்கு வரிசை எண்ணும் கிடையாது, பதிவேடும் கிடையாது. மூன்றாவது துப்பாக்கியை ஒப்படைக்க வரிசையில் நின்றவர், ஏற்கெனவே அரசுக்கு முகவரி தந்திருந்தவர். அதே திருத்தம் கள்ள உற்பத்திக்கும் கடத்தலுக்கும் தண்டனையைக் கடுமையாக்கியது உண்மை. ஆனால் பிடிபடாதவனைத் தண்டனையின் அளவு என்ன செய்யும்?

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. உரிமம் பெற்றவர்களும் திருமண ஊர்வலங்களில் வானை நோக்கிச் சுட்டு உயிர்களைப் பறிக்கிறார்கள். அவர்கள் வாங்கும் தோட்டாக்கள் கள்ளத் துப்பாக்கிக்குள் போய்ச் சேருகின்றன. எனவே எண்ணிக்கையைக் குறைப்பது நியாயமே என்பார்கள். கசிவு உண்மைதான், அதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் ஒரே துப்பாக்கி வைத்திருப்பவரும் தோட்டாக்களைக் கைமாற்றலாம். உச்சவரம்பு அந்த ஓட்டையை அடைக்காது. கடும் உரிம முறையால்தான் நாடு அமைதியாக இருக்கிறது என்பது இன்னொரு வாதம். ஆனால் கர்நாடகத்தின் குடகில் கொடவர் சமூகத்தினர் காலனிய காலந்தொட்டு உரிமத்திலிருந்து விலக்குப் பெற்று, விலக்குச் சான்றிதழோடு துப்பாக்கி வைத்திருக்கிறார்கள். அந்த விலக்கைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2021இல் செல்லும் என்றது. ஒரு சிறு சமூகத்தின் மரபை நாடு முழுமைக்கும் அளவுகோலாக்க முடியாது. எனினும் யாரிடம் ஆயுதம் இருக்கிறது என்று அரசு அறிந்திருக்க, அதிகாரியின் விருப்புவெறுப்புக்கு உட்பட்ட அனுமதி ஒன்றே வழியன்று என்பதற்கு அது சான்று.

அப்படியானால் எதைப் பின்தொடர்வது? தோட்டாவை. கள்ளப் பட்டறையில் துப்பாக்கிக் குழாயைக் கடைந்துவிடலாம்; நம்பகமான தோட்டாவைச் செய்வது அவ்வளவு எளிதன்று. ஒருவர் ஓராண்டில் எத்தனை தோட்டா வாங்கலாம் என்பது உரிமத்திலேயே குறிக்கப்படுகிறது. விற்பனையாளர் பதிவேடு வைப்பதும் கட்டாயம். இந்த இரண்டையும் உரிமதாரர்களுக்குத் தனி அடையாள எண் வழங்கும் தேசியத் தரவுத்தளத்தோடு இணைத்து, செலவான தோட்டாவுக்குக் கணக்குக் கேட்பதற்குப் புதிய சட்டம்கூடத் தேவைப்படாது. விதிகளைத் திருத்தினாலே போதும்.